இஸ்தான்புல், வழி மேலூர்

முத்துத்தாய்க்கு இஸ்தான்புல்லைக் கண்டாலே ஆகாது. ஒசாகாவும் ஆகாது. பிரேசிலில் சாந்தோஸ் என்று ஒரு துறைமுகம் இருக்கிறதாமே, அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் அவள் மேலூரை விட்டால் மதுரை, மதுரையை விட்டால் மகளைக் கட்டிக்கொடுத்த கோயமுத்தூர், அத்தோடு சரி. பார்க்காத ஊர்கள் மேல் ஒருத்திக்கு இவ்வளவு கோபம் வருமா என்றால், வரும். அந்த ஊர்கள்தான் அவள் புருஷனை வைத்துக்கொண்டிருந்தன.

புருஷன் பெயர் ஜெயபாண்டி. சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரிலேயே கழியும். ஏதாவது கரை வந்தால் போன் வரும். இப்போது எந்த ஊரில் இருக்கீக என்று இவள் கேட்க வேண்டியதுதான், மனுஷன் ஆரம்பித்துவிடுவார். இஸ்தான்புல்லில் சன்னலை ஒட்டிய தாழ்வான மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்து, இத்தினியூண்டு கண்ணாடி கிளாஸில் டீ குடித்தேன், கீழே படகுகள் போய்க்கொண்டே இருந்தன என்பார். ஒசாகாவில் பாய் விரித்த அறை, நடுவில் முழங்கால் உயர மேசை, வேறு ஒரு சாமான் கிடையாது, நம் மூச்சு நமக்கே கேட்கும் என்பார். சாந்தோஸ் கடற்கரையில் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய வலைத்தூளியில் சாயங்காலம் பூராவும் கிடந்தேன் என்பார். அடுப்பில் ரசம் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் இவள் கேட்பாள். கேட்கக் கேட்க ஆசையாகவும் இருக்கும், வயிறும் எரியும். அவ்வளவு அழகை விட்டுவிட்டு மேலூர் குவாரித் தூசிக்குள் இவர் எதற்கு வரவேண்டும்?

வந்தாலும் விருந்தாளி மாதிரிதான். பெட்டியைப் பிரிக்கவே மாட்டார். சட்டையை அதிலிருந்து எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதிலேயே வைப்பார். கொஞ்ச நாளில் தூத்துக்குடி ஏஜென்ட் அழகுமலை போன் போடுவார். கப்பல் தயார், வர்றியா என்று அவர் கேட்டு வாய் மூடுமுன் இவர் பெட்டியைப் பூட்டியிருப்பார்.

இந்தத் தடவை போனில் வேறு மாதிரி பேசினார். வயதாகிறது, இடுப்பு வலிக்கிறது, பேசாமல் வீட்டோடு இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றார். முத்துத்தாய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "பாப்போம்" என்று அவரே இழுத்தார். அந்தப் பாழாய்ப்போன 'பாப்போம்'தான் அவளைத் தூங்கவிடவில்லை. வயல் பார்த்த மாதிரி புது வீடு கட்டி முடிந்திருந்தது. உள்ளே ஒரு நாற்காலிகூட இன்னும் போடவில்லை. அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த ஊர்களை விட்டு இவரால் இருக்க முடியாதென்றால், ஊர்களை இங்கே வரவைத்துவிட வேண்டியதுதான்.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டுக்குப் பின்னால் மரச்சாமான் செய்யும் கொட்டகை வைத்திருந்தாள் இந்துப்ரியா. சௌராஷ்டிர வீட்டுப் பெண். படிப்பு முடிந்ததும் முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு நாலைந்து நாடு சுற்றிவிட்டு வந்தவள். முத்துத்தாய் ரெண்டு பஸ் மாறிப் போய் அவள் முன்னால் உட்கார்ந்து, மூன்று ஊர்ப் பெயரையும் சொல்லி, இதெல்லாம் என் வீட்டுக்குள் வேணும் என்றாள். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். இந்துப்ரியா சிரிக்கவில்லை.

"ஊரத் தூக்கியாந்து வீட்டுக்குள்ள வைக்க முடியாதுக்கா. அந்த ஊர்க் கோபுரத்தச் செதுக்கி நாற்காலி செஞ்சா நாலு நாள்ல அலுத்துரும். அங்க போயி உக்காந்தப்ப அண்ணனுக்கு மனசு எப்படி இருந்துச்சோ, அதை வேணா கொண்டாரலாம். அவரு சொன்னதச் சொல்லுங்க, நான் வரையுறேன்."

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு மத்தியானம் முத்துத்தாய் அங்கேதான். அவள் சொல்லச் சொல்ல இந்துப்ரியா பென்சிலை ஓட்டுவாள். டீயை எந்தக் கையில் பிடித்திருந்தார், சன்னல் எந்தப் பக்கம், படகைப் பார்க்கத் தலையைத் திருப்பினாரா குனிந்தாரா என்று குடைந்து குடைந்து கேட்பாள். முத்துத்தாய்க்கு எல்லாம் மனப்பாடம். எங்கள் ஆட்களே எங்கிருந்தோ நடந்து நடந்து வந்து மதுரையில் உட்கார்ந்தவர்கள்தான் அக்கா, வந்து சேர்ந்தபின் உட்காருகிற சுகம் எங்களுக்குத் தெரியும் என்பாள் இந்துப்ரியா. நம் ஊர்க்காரர்கள் என்ன விலைக்கு சோபா வாங்கினாலும் கடைசியில் தரையில் உட்கார்ந்து அதில் முதுகைத்தானே சாய்க்கிறோம், அதனால் எல்லாமே தாழ்வாக இருக்கட்டும் என்று அவளே தீர்மானித்தாள். இஸ்தான்புல் மெத்தைக்குச் சுங்குடிச் சேலைத் துணியில் உறை தைத்தாள். ஒசாகா மேசைக்குக் கீழே கோரைப் பாய் போட்டாள்.

ஒரு நாள் பாதி முடிந்த வலைத்தூளியில் முத்துத்தாயைப் படுத்துப் பார்க்கச் சொன்னாள். முதலில் கூச்சப்பட்டவள், படுத்தபின் எழுந்திருக்க மனசில்லாமல் கிடந்தாள். தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் இறங்கி, மரத்தூளில் மிதந்தது. திண்டுக்கல் ரோட்டு லாரிச் சத்தம் தூரம் தூரமாகப் போய், அலைச் சத்தமாகிவிட்டது. எங்கோ மீன் வறுக்கிற வாசனை. கண்ணை மூடியபடி, உப்புக் காற்றில் ஒரு கரையோரம் நடந்துபோய் அவள் தன் புருஷனைத் தேடினாள். கூட்டத்தில் அவர் தட்டுப்படவே இல்லை. முழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது, அது ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

ஜெயபாண்டி ஒரு காலை நேரத்தில் வந்து சேர்ந்தார். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். முத்துத்தாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னலோர மெத்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, இதில் உட்காருவதா படுப்பதா என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தாள். மேசையைப் பார்த்து, கால் குட்டையாகப் போயிருச்சே, ஆசாரி ஏமாத்திட்டானா என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. பேசாமல் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போய் வலைத்தூளியைக் காட்டினாள். அவர் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார், தூளி விலகியது, மனுஷன் தொபுக்கடீர் என்று தரையில் விழுந்தார்.

சாந்தோஸில் சாயங்காலம் பூராவும் தூளியில் கிடந்தவருக்குத் தூளியில் ஏறத் தெரியவில்லை.

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இடுப்பைத் தேய்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான் எங்கிட்டும் எறங்குனதில்ல முத்தாயி. இன்ஜின் ரூம்ல சன்னலே கிடையாது. கப்பல் கரையில நின்னாத்தான் எனக்கு வேலையே அதிகம். கூட இருக்க பயக போன்ல வீடியோ பாப்பாங்க. அதப் பாத்துத்தான் ஒனக்குச் சொல்லுவேன்."

முத்துத்தாய்க்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் எது கிடைத்திருந்தாலும் எறிந்திருப்பாள். பொய்! அத்தனையும் பொய்! அந்தப் பொய்யை நம்பி எத்தனை ராத்திரி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இல்லாத சன்னலோடும் இறங்காத கரையோடும் இத்தனை வருஷம் சக்களத்திச் சண்டை போட்டிருக்கிறாள். ஆனால் ஆத்திரத்துக்கு அடியிலேயே வேறொன்றும் கிளம்பியது. அப்படியென்றால் இவரை எந்த ஊரும் பிடித்து வைக்கவில்லை. அப்புறம் என்னதான் பிடித்து இழுத்தது? அதைத்தான் கேட்டாள். ஒண்ணுமே பார்க்காதவர் எதற்குத் திரும்பத் திரும்ப ஓடினீக என்றாள்.

அவர் தூளியின் கயிற்றை விரலால் நெருடினார்.

"போன்ல நீ அம்புட்டு ஆசையாக் கேப்ப. அந்தக் கத ஒனக்குப் பிடிச்சிருந்துச்சு. கப்பலுக்குப் போகாம இங்கனயே கிடந்தா, ஒனக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு?"

என்ன மனுஷன் இவர்! கதைக்காகவா முத்துத்தாய் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்? அந்தக் குரல் ஓயக்கூடாது என்றல்லவா ஊர் ஊராகக் கேட்டாள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய தூசியைக் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டு, சன்னலோர மெத்தைக்கு இழுத்துப் போனாள். இப்படிக் காலை மடக்குங்க என்றாள். கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். இதை இந்த விரலால் விளிம்பில்தான் பிடிக்கணும், இல்லாவிட்டால் சுடும், இந்துப்ரியா அங்கே போனபோது அப்படித்தான் பிடித்தாளாம் என்றாள். அந்தா, கீழே தண்ணீர், அதில் படகு போகிறது என்று வயலைக் காட்டினாள். நாற்று நட்ட வயலில் தண்ணீர் நின்றிருந்தது, கொக்குகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. ஜெயபாண்டி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும், அப்புறம், அப்புறம் என்றார்.

அப்போது போன் அடித்தது. அழகுமலை. முத்துத்தாயின் பேச்சு பாதியில் நின்றது. தூத்துக்குடியில் கப்பல் நிற்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வந்து ஏறு என்று அவர் கத்துவது இவளுக்கே கேட்டது. வாசலில் பெட்டி பூட்டியபடி இருந்தது. அவள் வயலைப் பார்த்துக்கொண்டாள், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"இப்ப வர முடியாதுண்ணே," என்றார் ஜெயபாண்டி. "நான் வெளியூர்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எப்பத் திரும்புவன்னு கேக்குறாரு."

முத்துத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒசாகாவே பாக்கலன்னு சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார்.