விசில் டீச்சர் கையெழுத்துப் போடவில்லை

சலூன் வைத்திருப்பவருக்கு ஒரு செய்தி தெரிந்தால் அது தெருவுக்கே தெரிந்த கணக்கு. அதிலும் அது அவர் வீட்டுச் செய்தியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தன் மனைவி வெளிநாட்டில் நடக்கும் மகளிர் வாலிபால் போட்டிக்கு நடுவராகப் போகிறார் என்பதை, ஷேவிங்குக்கு உட்கார்ந்தவர்களிடம் கன்னத்தில் நுரை இருக்கும்போதே சொல்லிவிடுவார் சலூன்காரர். வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும் என்பதால் ஒருவரும் குறுக்கே பேச முடியாது. முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

அவர் மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஊரில் யாருக்கும் அந்தப் பதவிப் பெயர் வாயில் வராது. விசில் டீச்சர் என்றால்தான் தெரியும். குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அதற்குத்தான் விசில் இருக்கிறதே. ஒருமுறை ஊதினால் மைதானம் முழுக்க அப்படியே நின்றுவிடும்.

சலூன்காரருக்கும் அவருக்கும் அறிமுகமானதே அந்த விசிலால்தான். வாலிப வயதில் சலூன்காரர் தெரு அணியில் ஆடிக்கொண்டிருந்தார். வலையில் கை படவில்லை என்று நடுவரிடம் வாதாடியதற்கு, வலையோரத்து நடுவர் ஏணி மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினார். கை பட்டது உண்மை. அது சலூன்காரருக்கும் தெரியும். அடுத்த மாதமே தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். சண்டை வந்தால் மட்டும் "நடுவர் அம்மா" என்பார்.

இந்தப் பயணத்துக்கு டீச்சர் பல வருடமாகக் காத்திருந்தார். பெரிய போட்டிகளுக்குத் தேர்வாகும் நடுவர்களில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் இவர்கள் பக்கத்திலிருந்து இவர் ஒருவர்தான். அந்த நாட்டுக்கு விசா ஏற்கெனவே கையில் இருந்தது. முன்பு ஒரு பயிற்சிக்குப் போனபோது நீண்ட காலத்துக்குக் கொடுத்திருந்தார்கள். இடையில் பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதிது வாங்கியதால், விசா மட்டும், ரத்தானதற்கு அடையாளமாக மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டில் தங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால் செல்லும் என்று தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் டீச்சர் கிளம்பினார்.

மதிய விமானம். வழியனுப்ப சலூன்காரர் கடையை அக்கா மகனிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். அவருக்கு ஒரு பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பேருமாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு விமான நிறுவனத்தின் கவுன்ட்டருக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் சிரித்த முகமாகத்தான் பாஸ்போர்ட்டுகளை வாங்கினாள். கணினியில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். அதற்குப் பிறகு சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"மேடம், விசா இருக்கிற பாஸ்போர்ட் செல்லாதது. செல்லுற பாஸ்போர்ட்ல விசா இல்ல."

டீச்சர் பொறுமையாக விளக்கினார். ரத்தானது பாஸ்போர்ட்தான், விசா இல்லை. இரண்டும் ஒரே ஆளுடையது. தூதரகமே சொல்லியிருக்கிறது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். அவளுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது. ஆனால் திரையில் சிவப்பாக ஏதோ வருகிறது என்று மேலாளரைக் கூப்பிட்டாள்.

மேலாளர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார். பக்கங்களைப் புரட்டினார். எண் பொருந்தவில்லை, ஏற்ற முடியாது என்றார். தூதரகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமே என்றார் டீச்சர். இன்று அங்கே விடுமுறை, யாரும் எடுக்கமாட்டார்கள் என்றார் மேலாளர். போய் இறங்கிய இடத்தில் திருப்பி அனுப்பினால் அபராதம் நிறுவனத்தின் தலையில் விழும், அந்தப் பழி தன் தலையில் விழும் என்றும் சொன்னார். அவரும் பயத்தில்தான் பேசினார் என்பது சலூன்காரருக்குத் தெரிந்தது. எத்தனை முகங்களை அருகில் பார்த்தவர் அவர்.

ஆனால் மனைவியின் பெட்டி பெல்ட்டில் ஏறாமல் கீழேயே நிற்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். சார், பெரிய மனசு பண்ணுங்க, ஏழை எளியதுங்க, உங்க காலைக் கூடப் பிடிக்கிறேன் என்று ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டீச்சர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையை இறக்கினார்.

"கெஞ்சாதீங்க. நாம தப்பு ஒண்ணும் பண்ணல."

மெதுவாகத்தான் சொன்னார். சலூன்காரருக்குக் காது வரை சுட்டது. அவமானமா, வேறு ஏதாவதா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, மனைவிக்குப் பக்கத்தில் நின்றார்.

விமானக் கதவை மூடும் நேரம் வந்தது. விமானம் டீச்சர் இல்லாமலேயே கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு மேலாளர் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். குரலும் இளகியிருந்தது. நாளை விமானத்தில் இடம் இருக்கிறது, அதற்குள் தூதரகத்தில் விசாரித்துத் தானே ஏற்பாடு செய்கிறேன், டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். ஒரே ஒரு தாளில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும். 'போதிய ஆவணங்கள் இன்றி வந்தேன். பயணம் தடைபட்டது என் பொறுப்பு' என்று அதில் அச்சடித்திருந்தது.

டீச்சர் படித்தார். தாளை மேஜைமேல் வைத்தார்.

"போதிய ஆவணங்களோடதானே வந்தேன்?"

"இது சும்மா எங்க ஃபைலுக்கு மேடம். எல்லாரும் போடுறதுதான்."

சலூன்காரரும் மேஜைக்கடியில் மனைவியின் காலை லேசாகத் தட்டினார். ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டு நாளைக்கே போய்ச் சேரலாம் என்பது அவருடைய எண்ணம். டீச்சர் காலை நகர்த்திக்கொண்டார்.

"சார், கோட்டுக்கு உள்ள விழுந்த பந்தை வெளியன்னு நான் ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. தெரியாம தப்பாச் சொல்லியிருக்கேன், தெரிஞ்சு சொன்னதில்ல. இதுல கையெழுத்துப் போட்டுட்டு அங்க போய் ஏணியில ஏறுனேன்னா, என் வாயில விசில் நிக்காது."

மேலாளர் அப்படியானால் நாளை இடம் தருவது கஷ்டம் என்றார். சரி என்றார் டீச்சர். என்னை ஏற்றவில்லை, இன்ன காரணம் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அதை எழுதி முடிப்பதற்குள் மேலாளருக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

போகிற பெட்டியோடு திரும்பி வருவது எத்தனை கனம் என்பது தூக்கியவருக்குத்தான் தெரியும். பேருந்திலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழையும்போது, எந்தக் கதவும் திறக்கக் கூடாதே என்று சலூன்காரர் வேண்டிக்கொண்டார். எல்லாக் கதவும் திறந்தன. காலையில்தான் அத்தனை பேரும் வாசலில் நின்று கையசைத்து அனுப்பியிருந்தார்கள். மளிகைக் கடைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டதும், சலூன்காரர் சட்டென்று, விமானம் ரத்து, என்ஜினில் ஏதோ கோளாறாம் என்று அடித்துவிட்டார்.

பின்னால் வந்த டீச்சர் நின்றார்.

"ரத்தாகலண்ணே. விமானம் நல்லாத்தான் போச்சு. விசா செல்லாதுன்னு என்னை ஏத்தல. செல்லும். பார்த்துக்கலாம்."

சொல்லிவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். மளிகைக் கடைக்காரர் சலூன்காரரைப் பார்த்தார். சலூன்காரர் வானத்தைப் பார்த்தார், என்ஜினைத் தேடுவது போல.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். சலூன்காரரைவிட மூத்தவள், பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பவள், தம்பி குடும்பத்தின் எல்லா விஷயத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையது என்று நம்புகிறவள். நடந்ததைக் கேட்டுவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லியாச்சே, இனிமேல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது என்று தலையில் கை வைத்தாள். "இருக்கிற முகத்தை வச்சுதான் அண்ணி" என்று டீச்சர் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலடியில் தள்ளினார். அக்கா தலையிலிருந்து கையை எடுத்தாள்.

சாயங்காலம் வாலிபால் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டார். முதல் சுற்று ஆட்டங்களை வேறு நடுவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். இன்னும் தாமதித்தால் பெயரையே எடுத்துவிடுவார்கள், பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ச் சேருங்கள் என்றார். டீச்சர் யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முடியாது என்றார். போனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், துவைத்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்ததை சலூன்காரர் கதவோரம் நின்று பார்த்தார். உள்ளே போய்த் தேற்றலாமா என்று நினைத்தார். அப்புறம் தானும் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மடித்தார்.

மறுநாள் கடையில் நாற்காலி காலியாகவே இல்லை. முடி வளராதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெரிய மனிதர், விமான நிறுவனத்தில் மேலிடத்தில் தனக்கு ஆள் இருக்கிறது என்றார். ஒரு போன் போட்டால் போதும். புகார் கிகார் என்று போகாமல் இருந்தால், இன்று மதியமே டீச்சரை ஏற்றிவிடுவார்கள். சலூன்காரரின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. நேற்று மத்தியானம் இதே வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார்.

"வேண்டாங்கய்யா," என்றார். "டீச்சர் நேர் வழியிலதான் போவாங்க. லேட்டானா ஆகட்டும்."

சொல்லிவிட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பரவாயில்லை, பார்க்கிற மாதிரிதான் இருந்தது. வெட்டத் தொடங்கினார்.

அதே நேரத்தில் டீச்சர் தூதரக வரிசையில் நின்றிருந்தார். இரண்டு பாஸ்போர்ட்டையும், மேலாளர் எழுதிக் கொடுத்ததையும் உள்ளே நீட்டினார். அங்கிருந்த அதிகாரி விசாவைப் பார்த்த மாத்திரத்தில் செல்லும் என்றார். இதற்காக ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. விமான நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு அங்கிருந்தே கடிதம் போனது. டீச்சர் அதோடு விடவில்லை. நேராக அந்தத் தலைமை அலுவலகத்துக்குப் போய், வரவேற்பறையில் அவர்கள் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தார். மின்விசிறிக்குக் கீழே நல்ல நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன் என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

உள்ளே பேசிய பெண் அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. தவறு எங்களுடையது, அடுத்த விமானத்தில் உங்களுக்கு இடம் போட்டாகிவிட்டது என்றார். வாயால் சொன்னது நல்லது, அதைத் தாளிலும் சொல்லிவிடுங்கள் என்றார் டீச்சர். அந்த அதிகாரி சிரித்துவிட்டார். தட்டச்சு செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தார். இனி பழைய பாஸ்போர்ட்டில் விசாவோடு வருகிறவர்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எல்லாக் கவுன்ட்டர்களுக்கும் தெரியப்படுத்துவதாகவும் சொன்னார்.

இரண்டாம் முறை போகும்போது வழியனுப்பத் தெருவில் கூட்டம் இன்னும் அதிகம். அக்கா விமான நிலையத்துக்கே வந்துவிட்டாள். இந்தத் தடவை எவனாவது தடுக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதே கவுன்ட்டர்ப் பெண்தான் இருந்தாள். போர்டிங் பாஸை இரண்டு கையாலும் நீட்டினாள். மேலாளரும் தன் அறையிலிருந்து வந்தார். மற்றவர்கள் கேட்கும்படியே, அன்று நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கணும் என்றார். டீச்சர் தலையசைத்து, உங்க பயம் எனக்குப் புரிஞ்சுது சார் என்றார். அதற்குமேல் அவரை நிறுத்தி வைக்கவில்லை.

இழந்தது இழந்ததுதான். முதல் சுற்று ஆட்டங்கள் முடிந்துபோயிருந்தன. டீச்சருக்கென்று பேசி வைத்திருந்த இறுதி ஆட்டத்தையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்தான் கிடைத்தது. டீச்சர் போனில் அதைச் சொன்னார். வருத்தமா என்று சலூன்காரர் கேட்டார். இருக்கிறது என்றார் டீச்சர். பிறகு, இங்கே தலையணை செங்கல் மாதிரி இருக்கிறது என்று பேச்சை மாற்றினார்.

அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கடையில் நிற்க இடமில்லை. ஒருவர் பாதி மழித்த கன்னத்தோடு துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார், முடித்துவிடு என்று கேட்க மனமில்லாமல். அக்கா மகன் தன் போனைக் கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தான். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். திரையில் பெரிய அரங்கம், வெளிச்சம், இரண்டு அணிப் பெண்கள். அவர்களுக்கு நடுவே வலையோரம், இறுக்கி முடிந்த கொண்டையோடு டீச்சர் நடந்து வந்து ஏணியில் ஏறினார். கேமரா அவருடைய முகத்துக்கு அருகில் போனது. விசிலை வாயில் வைத்து, கையை நீட்டினார்.

அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. சக்கரம் மாதிரி ஒன்று சுற்றத் தொடங்கியது. கடை முழுக்க நெட்வொர்க்கைத் திட்டினார்கள். போனை வாசலுக்குக் கொண்டுபோ, மேலே தூக்கிப் பிடி என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்கா மகன் போனை எடுக்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும்டா," என்றார் சலூன்காரர். "வர்றப்போ வரட்டும்."

சீப்பைப் பையில் செருகிவிட்டு, குனிந்து, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.