வண்டிக்கு ரோஸ் ஏற்றிய நாள்

பனியில் உறையாத ரோஸ் நிற மருந்தைக் குழாய்க்குள் ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் பனி போய் வசந்தம் வந்து கழுவிவிடும் வரை அந்த டிரெய்லர் வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. குளிக்க, பாத்திரம் கழுவ, கக்கூஸ் போக, எதற்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏற்றாமல் விட்டாலோ முதல் கடுங்குளிரிலேயே குழாய்கள் வெடித்துவிடும். அதனால், போக ஓர் இடம் உறுதியான பிறகுதான் மருந்துக் கேனைத் திறக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாகத் தெரியும்.

எனக்கு இடம் உறுதியாகித்தான் இருந்தது. என் புருஷன் பெத்ரோ போன பிறகு வீட்டை விற்றுவிட்டேன். கோடையில் ஏரிக்கரை முகாமில் இந்த டிரெய்லர், பனிக்காலத்தில் வின்னிபெக்கில் ஒரு வாடகை அறை என்று இரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. இந்த வருஷம் அந்த அறை தன் மகனுக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் மகள் லாரிசா பிராண்டனில் இருக்கிறாள். எங்களோடு வந்து இரு, சனிக்கிழமை மூன்று மணிக்கு நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பெற்ற பெண் கூப்பிடுகிறாளே என்று அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

அக்டோபரில் நன்றி நாள் விடுமுறை வந்தால், எல்லாரும் வண்டியை மூடிவிட்டுக் கிளம்புவதால், எங்கள் முகாமில் ஒரே கூச்சல்தான். வண்டிக்கு மருந்தேற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருத்தர் கட்டிலடியில் பம்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கேனுக்குள் விட்ட குழாய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து, தண்ணீர் போய் நிறம் வந்ததும் "ரோஸ்!" என்று கத்த வேண்டும். எந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு இந்த வருஷம் ஆகவில்லை என்பது அந்தக் கத்தலிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் கேன் பெத்ரோவுக்கு, கத்தல் எனக்கு. அவர் போன பிறகு பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் கூடமாட நின்றார்கள். இந்தத் தடவை அவர்கள் வெள்ளிக்கிழமையே கிளம்பிப் போய்விட்டார்கள்.

தனியாகவே ஆரம்பித்தேன். கேனுக்கும் குழாய்க்கும் ஓடி ஓடி முழங்கால் கழன்றது. சமையல் மேடைக் குழாயில் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் ரோஸ் வந்தது. யாரிடம் கத்துவது? வாயை மூடிக்கொண்டேன். வெந்நீர்ப் பக்கம் திறந்தால் வெறும் காற்று. இரண்டாவது கேன் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. காற்றுதான் புஸ் புஸ்ஸென்று வந்தது. தரையில் உட்கார்ந்து பெத்ரோவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். செத்தவரைத் திட்டுவது பாவம்தான். ஆனால் என்னை இப்படி விட்டுவிட்டுப் போனது மட்டும் புண்ணியமா?

சத்தம் கேட்டு வால்டர் எட்டிப் பார்த்தார். முகாமைப் பார்த்துக்கொள்கிறவர், என் வயசுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"வெந்நீர் ஹீட்டருக்குப் போற வால்வை அடைச்சியா, ஹல்யா?"

நான் கட்டிலடியில் குனிந்து பார்த்தேன்.

"மூணு கேனையும் ஹீட்டருக்கு ஊத்திக் குடுத்துட்டு, குழாய்ல வரலைன்னு புருஷனைத் திட்டுறியாக்கும்."

அந்த வால்வைத் திருப்புவது எப்போதும் பெத்ரோ. ஹீட்டரைச் சுற்றிப் போகும்படி வழியை மாற்றிவிட்டுத்தான் கேனைத் தொடுவார். நான் கத்துவதைத் தவிர வேறு எதையும் கவனித்ததில்லை. வால்டர் சிரித்துக்கொண்டே வால்வைத் திருப்பினார், ஹீட்டரில் இருந்ததை வெளியே வடித்தார், தன் கொட்டகையிலிருந்து இரண்டு கேன் கொண்டுவந்து கட்டிலடியில் உட்கார்ந்தார். நான் திறந்தேன், கத்தினேன். வெந்நீர், குளியலறை, கக்கூஸ், வெளியே கால் கழுவும் குழாய் என்று ஒன்று விடாமல் கத்தினேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் எனக்கு நன்றாக இருந்தது.

போகும்போது, முகாமுக்கு வரும் தண்ணீரை இப்போதே அடைத்துவிடுவேன், திங்கட்கிழமை மதியம் மின்சாரத்தை நிறுத்தி முகாம் வாசலைப் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை தன் அக்கா வீட்டில் வான்கோழி விருந்தாம்.

பையை வாசல் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றேகாலுக்குப் போன் வந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதம்மா" என்றாள் லாரிசா.

நேற்று அவள் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இவர்கள் வீட்டுக்குத்தான் வருகிறாராம். எனக்கென்று ஒழித்து வைத்த அறையில்தான் படுக்கை போட்டிருக்கிறார்களாம்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கயே சமாளிச்சுக்க முடியுமாம்மா? வண்டியில கணப்பெல்லாம் இருக்குல்ல?"

இப்போதுதான் ரோஸ் ஏற்றினேன், குடிக்கத் தண்ணீர் இல்லை, திங்கட்கிழமை பூட்டிவிடுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலறியடித்துக்கொண்டு வந்திருப்பாள். கூடத்து சோபாவிலாவது படுக்க வைத்திருப்பாள். ஆனால் கெஞ்சி ஒண்டிக்கொண்ட அம்மா என்று அந்த வீட்டில் எனக்குப் பேர் வர வேண்டுமா?

"எனக்கென்ன, ராணி மாதிரி இருப்பேன். நீ அவங்களைக் கவனி" என்றேன்.

போனை வைத்த கையோடு வால்டரின் வண்டி வந்து நின்றது. முடியெல்லாம் சீவி, சுத்தமான சட்டை போட்டிருந்தார். பையைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார்.

"என்ன, பொண்ணு இன்னும் வரலையா?"

"பாதி வழியில வந்துட்டிருக்காளாம்."

"லேட்டாச்சுன்னா என்கூட வாயேன். அக்கா நாலு பேருக்குச் சேர்த்துத்தான் சமைப்பா. மாடியில ரெண்டு ரூம் சும்மாதான் கிடக்கு."

அவர் கண்ணில் இருந்தது இரக்கம். எனக்குச் சுருக்கென்றது.

"எனக்கு யாரும் இல்லைன்னு நினைச்சீங்களா? என் பொண்ணு வர்றேன்னா வருவா. நீங்க கிளம்புங்க."

முகம் சுண்டிப்போய் வண்டியை எடுத்தார். ஒரே நாளில் இரண்டு பேரிடம் இரண்டு பொய். மகளிடம் இங்கேயே இருப்பேன் என்றேன், வால்டரிடம் மகள் வருகிறாள் என்றேன். உண்மையை யாராவது ஒருத்தரிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு கதவு திறந்திருக்கும். என் வாய்க்கொழுப்பு, வேறென்ன.

முகாம் வாசலில் திரும்பும் வரை வால்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே போனார். நானும், மகள் வரும் வழியைப் பார்க்கிறவள் மாதிரி, பிராண்டன் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டே நின்றேன். வண்டிச் சத்தம் அடங்கியது. பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.