கட்டுப்பாட்டு அறையில் தம்பியின் குரல்

தம்பி செத்த பிறகும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

துகள் மோதுவியின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி கிடையாது. மணி அடித்தால் எது கெட்டது என்று தேட வேண்டும், குரலென்றால் அதுவே சொல்லிவிடும் என்று, மோதல்களைப் பதிவு செய்யும் உணர்கருவிக்கு வாயுவும் மின்சாரமும் கொடுக்கும் பிரிவில் பொறியாளராக இருந்த தம்பி எல்லாவற்றையும் தன் குரலிலேயே பதிவு செய்திருந்தான். "துகள் கற்றை வருது, கவனம்." "பம்ப் நின்னுடுச்சு, யாராச்சும் வாங்க." போன மழைக்காலத்தில் மூளையில் ரத்தம் கசிந்து, ஒரு வாரம்கூடத் தாங்காமல் போய்விட்டான். குரலை மாற்ற வேண்டும் என்று எல்லோர் மனதிலும் இருந்தது. அவன் அக்காவும் அதே அறையில் உட்கார்ந்திருக்க, யார் வாய் திறப்பது?

அக்கா இயற்பியலாளர். ஈய அணுக்கருக்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதி, உள்ளே குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசையை ஆராய்பவள். மற்ற விசைகள் தூரம் கூடக்கூடத் தளரும். இது தளராது என்று அவள் ஒருமுறை அம்மாவுக்கு விளக்கினாள். "அவிழாத முடிச்சுன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குடி நோண்டறீங்க?" என்றாள் அம்மா. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று முற்பகல் அவள்தான் பொறுப்பில் இருந்தாள். உணர்கருவியின் ஒரு பகுதியில் மின்னோட்டம் திடீரென்று எகிறியது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அக்கா, முறைக்காத. முதல்ல வோல்டேஜை இறக்கு. என்னை அப்புறம் திட்டிக்கலாம்."

இந்த வாக்கியத்தை அவன் உயிரோடு இருந்தபோது யாரும் கேட்டதில்லை. அவள் கை தானாக இறக்கிவிட்டது. கருவி தப்பியது. பிறகுதான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

தம்பியின் கூட்டாளியான மென்பொருள்காரர், சொட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், தயங்கித் தயங்கி வந்தார்.

"நீங்க பொறுப்புல இருந்தா மட்டும் வர்ற மாதிரி தனியா சிலது வெச்சிருக்கான்க்கா. எல்லாமே அரிதா வர்ற கோளாறுக்கு. போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம்."

போட்டுக் கேட்டால் அது பழைய பதிவு. தானாக வந்தால் அவனே பேசுவது. இதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

அதன்பின் நேரத்துக்கு முன்பே வேலைக்குக் கிளம்பினாள். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில், ஏமாந்துபோனவள் போல வீடு திரும்பினாள். "யாரையாச்சும் பாக்கப் போறியா? இப்படி ஓடற?" என்று அம்மா கேட்டாள்.

பிறகொரு பிற்பகல், திரையில் வாயு அழுத்தத்தின் கோடு இறங்கத் தொடங்கியது. சிவப்பு எல்லையைத் தொடுவதற்குள் மாற்று உருளையைத் திறந்துவிட வேண்டும். நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு நூல்.

டீயோடு உள்ளே வந்த சொட்டை கத்தினார். "அழுத்தம் இறங்குதேக்கா! என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?" கோப்பையை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வால்வைத் திறந்தார். கோடு மேலேறியது. குரல் வரவில்லை.

இந்தச் சொட்டைப் பாவி கெடுத்துவிட்டானே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைப் பயமுறுத்தியது. எத்தனை பேர் எத்தனை வருஷம் பாடுபட்டுக் கட்டிய கருவி!

"தெரிஞ்சேதான் விட்டேன்" என்றாள்.

சொட்டை தரையில் சிந்திய டீயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குரலை மாத்திடுங்க."

"யார் குரல்க்கா வெக்கறது?"

"எனக்குத் தெரியாத யாராச்சும்."

மறுவாரமே ஒரு பெண் குரல் வந்துவிட்டது. அவளும் பொறுப்பு வேலையை விட்டுவிட்டுத் தரவு ஆய்வுக்கு மாறிக்கொண்டாள். தம்பியின் பதிவுகளையெல்லாம் சொட்டை ஒரு போனில் ஏற்றிக் கொடுத்தார். அதை அவள் அம்மாவிடம் கொடுத்தாள். அழுவாள் என்று நினைத்தாள். அம்மா அழவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூடத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் பேச்சுக் குரல்.

"பம்ப் நின்னுடுச்சு, யாராச்சும் வாங்க."

"இதோ வந்துட்டேன்டா" என்றாள் அம்மா.

"குளிர்நீர் சூடாவுது, பாருங்க."

"பாத்துக்கறேன், நீ சாப்ட்டியா?"

அடுத்த பதிவு தொடங்கியது: "அக்கா..."

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். கதவைச் சாத்தும்போது அம்மாவின் குரல் மட்டும் காதில் விழுந்தது.

"அவ வெளிய போயிட்டாப்பா. எங்கிட்ட சொல்லு."