சமையலறைக் கதவான இறக்கை

எங்கள் வீட்டுக்குப் பின்னால், போர்க்காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுபாதை இருக்கிறது. வீடே அந்தக் காலத்துக் காவலர் அறைதான். பார்க்க வருகிறவர்களிடம் அப்பா அவிழ்த்துவிடும் கதைகளுக்கு அளவே கிடையாது. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தைக் காட்டி, "எதிரி போட்ட குண்டு, சார். எங்கப்பா மயிரிழையில தப்பிச்சாரு" என்பார். கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிடுவேன்.

கதைகள் ஊர்ந்து ஊர்ந்து தொல்பொருள் இலாகா வரை போய்விட்டன. ஒருநாள் ஓர் அதிகாரி வந்தார். வீரம் விளைந்த இந்த இடம் அருங்காட்சியகம் ஆகப்போகிறதாம். நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம்.

அப்பாவின் வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "சார், இவரு சொல்றது பூராவும் புளுகு. இங்க நின்னதெல்லாம் மரப்பலகை விமானம். மேலேருந்து பார்க்கிற எதிரி ஏமாறணும்னு வச்சது. செஞ்சவரு என் மாமனாரு, தச்சரு. நிஜ விமானமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம்."

"ஏன்டி, குடும்ப மானத்தை..." என்றார் அப்பா.

"மானத்துக்கு மேல ஒரு கூரை வேணாமா?"

அதிகாரி சிரித்தார். "வீட்டைக் காப்பாத்த நல்லாத்தான் கதை கட்றீங்கம்மா."

"கதவைக் கழட்டுடி" என்றாள் அம்மா என்னிடம்.

சமையலறைக் கதவைக் கழற்றி வெயிலில் சாய்த்தேன். அம்மா சாம்பல் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கரிக்கு அடியிலிருந்து வெள்ளைக்காரப் படையின் வட்டச் சின்னம் எட்டிப் பார்த்தது.

"இது இறக்கை, சார். ஒரே இடத்துல நின்னா எதிரிக்குச் சந்தேகம் வரும்னு, தினமும் விடிஞ்சதும் மாமனாரு மாட்டைக் கட்டி விமானங்களை இடம் மாத்துவாரு. ஒரு புயல்ல ஒண்ணு எகிறி இந்த வாசல்ல வந்து விழுந்துச்சு. இந்த மைதானத்துலேருந்து பறந்தது அது ஒண்ணுதான். பைலட்டும் இல்லை, பெட்ரோலும் இல்லை!"

அதிகாரி இறக்கையைத் தட்டினார். செல்லரித்த தூள் கொட்டியது. அவர் முகமும் தொங்கிப்போனது.

"மேலிடத்துல வீரத்துக்குத்தாம்மா நிதி ஒதுக்கியிருக்காங்க. ஏமாத்து வேலைக்கு எப்படிம்மா அருங்காட்சியகம் கட்டுவாங்க?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீடு தப்பியது. அப்பா மட்டும் சில நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் வந்தது. வாசலில் அவர் குரல் மறுபடியும் ஏறியது.

"ஒரு விமானப்படையையே வெறும் பலகையால முட்டாளாக்கினவரு எங்கப்பா! மன்னரே நேர்ல வந்து கை குடுத்தாரு!"

"என்னங்க!" அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "இன்னும் கதவு மாட்டலை. இங்க எல்லாம் கேக்குது. அந்த ஆபீசர் திரும்பி வரணுமா?"



அப்பா மன்னரை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.