ஷிஃப்ட் மாறிய எலிகள்

1.

ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் மூளையைப் படம் எடுத்த நாளில்தான் இந்தக் கதை பிறந்தது. ஏசுவடியான், ஒரகடத்துக் கார் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தரம் பார்த்தவர். ஐம்பத்து நான்கு வயதில், படப்பையில் எங்கள் தெரு எது என்பதை மறந்தார். போன மாதத்திலிருந்து என்னை ‘மேடம்’ என்கிறார்.

தண்டலத்தின் மேல் மாலைச் சூரியன்

(வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.)

2.

டாக்டர் கனிஷ்காவின் ஆய்வகத்தில், என் கணவரின் படத்தில் தெரிந்த அதே வகைச் சேதம் உள்ள எலிகள், தட்டுக்கு ஒன்றாக இரண்டு கூண்டுகளில் இருந்தன. மேல்தட்டில் பொருத்திய தண்ணீர் பாட்டிலில் ஒரு மருந்து, கீழ்த்தட்டில் இன்னொன்று. இரண்டுமே மனிதர்களுக்குக் கொடுப்பவைதான். மூன்று மாதம் கழித்து எலி மூளைகளையும் படம் எடுப்பார்கள். எந்தக் கூண்டு தேறுகிறதோ, அந்த மருந்து இவருக்கு.

(டாக்டர் நிஜத்தில் ஓயாமல் சிரிப்பார். எழுதினால் நம்பமாட்டீர்கள்.)

3.

இரண்டு கூண்டுமே தேறிவிட்டது! நான் துள்ளிக் குதித்தேன். டாக்டர் மட்டும் சந்தேகப்பட்டு, எலிகளைப் பார்த்துக்கொள்ளும் உச்சிமாகாளியைக் கூப்பிட்டார். முன்பு ஃபேக்டரியில் இருந்த திருநெல்வேலிக்காரர்.

“டாக்டரம்மா, மேல்தட்டுக்கு மட்டுந்தான் ஏசி காத்து வருது. ஒரே கூட்டம் சொகமா கெடந்தா நாயமா? அதாம் வாராவாரம் ஷிஃப்ட் மாத்திவிட்டேம்லா.”

கூண்டுகள் இடம் மாறின, பாட்டில்கள் மாறவில்லை. எல்லா எலிகளும் இரண்டு மருந்தையும் குடித்திருந்தன.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டே சிரித்தார். “எதால தேறுச்சுன்னே தெரில. மாத்தி மாத்திக் குடுத்ததாலயோ இன்னாவோ! மொதல்லேர்ந்து செய்யணும். இன்னும் மூணு மாசம்.”

“அதுக்குள்ள என்னையே நான் மறந்துடுவேன்,” என்றார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏசுவடியான். “எனக்கும் ஷிஃப்ட் மாத்திக் குடுங்க. பழகுன ஒடம்பு. இன்னா மேடம், சரிதான?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படிக் கொடுக்கலாம் என்று திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

4.

முடிவு அ: போட்டுவிடுகிறேன். அவர் நேராக எங்கள் தெருவுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். (நான்கு முறை எழுதிவிட்டேன். அலுக்கவே இல்லை.)

முடிவு ஆ: காத்திருக்கிறோம். அதற்குள் அவர் என்னை

(முடிக்கமாட்டேன்.)

5.

படித்த பக்கத்தின் மூலையில் பச்சை டிக் போடுவது அவர் வழக்கம். இந்தக் கதையின் முதல் பக்கத்தில் ஐந்து டிக். ஐந்து முறையும் புதிதாகப் படித்து, சூரியன் வரும் இடத்தில் சிரித்தார். எந்த எழுத்தாளருக்குக் கிடைப்பார் இப்படி ஒரு வாசகர்!

இன்று கடைசிப் பக்கத்தைக் காலியாகவே நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை டிக் போட்டார்.

“ஒரு டிஃபெக்ட்டும் இல்ல மேடம். அனுப்பிடுங்க.”

அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கம் இப்போது உங்கள் கையில். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அதில் ஒரு தடவையாவது அவர் என்னை ஷாரோன் என்று கூப்பிடட்டும்.