மேலாளர் வீட்டுத் தர்பூசணி

தையற்கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு மிச்ச நூலை வீணாக்கப் பிடிக்காது. மகளுக்குப் பின்னிய மேற்சட்டையின் சிவப்பும், தலையணை உறைக்கு வாங்கிய மஞ்சளும் இன்ன பிறவும் கட்டிலுக்கடியில் ஒரு பையில் உருண்டைகளாகக் கிடந்தன. அந்தப் பையின்மீதுதான் கணவனின் கண் விழுந்தது.

அவன் கிடங்குக் கணக்கன். வேலையோ தொலைவில் இருந்தது. வார இறுதியில் வருவான். துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். உள்ளூர்க் கிளைக்கு மாற்றல் கிடைத்தால் நாள்தோறும் வீட்டில் சாப்பிடலாம். அவள் ஆசையும் அவ்வளவே: இரவில் ஒருவேளையாவது மூவரும் சேர்ந்து உட்கார வேண்டும்.

"மாற்றல் குடுக்கிறது எங்க மேலாளர். அவர் சம்சாரம் மேலாளரம்மாவுக்குக் கைவேலைன்னா உசிரு. டீ கப்புக்கு அடியில வைக்கிற கோஸ்டர் பழம் பழமா பின்னிக் குடு. கடையில வாங்கிக் குடுத்தா லஞ்சம்பாங்க, கையால செஞ்சு குடுத்தா பாசம்பாங்க."

"அப்போ இது என்னங்க?"

"பாசந்தான். காரியத்தோட சேர்ந்த பாசம்."

அவளுக்கு நாக்கு கசந்தது. ஆயினும் பின்னுகிற குரோஷா ஊசியை எடுத்தாள். வட்டம் விரியும்போது கண்ணிகளை அதிகம் கூட்டினால் ஓரம் அலையாகச் சுருளும். குறைத்தாலோ நடுவில் கிண்ணம்போல் குழியும். கோப்பை ஆடாமல் நிற்க வேண்டுமே என்று ஆரஞ்சை இருமுறை பிரித்துப் பின்னினாள். இருந்த பச்சை நூலையெல்லாம் கிவிப்பழம் விழுங்கிவிட்டது. தர்பூசணித் தோலுக்கு வேறு வழியின்றித் தன் சால்வையின் ஓரத்தையே பிரித்தாள்.

மேலாளர் வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்ததும் மேலாளரம்மாவின் முகம் மலர்ந்தது.

"அடடா, விதைகூட இருக்கே! எப்படிம்மா இவ்ளோ பொறுமையா பின்னினீங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல கிடந்த மிச்ச நூலு, பொழுதுபோகாம பின்னினது."

மேலாளரம்மா அவற்றைக் கண்ணாடி மேசையில் பரப்பித் தேநீர்க் கோப்பைகளை வைத்தார். ஒன்றுகூட ஆடவில்லை. அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

மேலாளர் சர்க்கரைக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். அதை எடுத்துக் கொடுக்கும் பேறு தனக்கே வாய்க்க வேண்டுமெனக் கணவன் பாய்ந்தான். அவன் முழங்கை பட்டுக் கோப்பை கவிழ்ந்தது. சூடு தணிந்திருந்த தேநீர் மேலாளரின் பாதத்தில் வழிந்தது.

அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த கைக்குட்டை அவன் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை. மேசையிலிருந்த தர்பூசணியை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டான்.

"விடுய்யா, நானே கழுவிக்கறேன்!" மேலாளர் காலை இழுத்தார்.

"இருக்கட்டும் சார். உங்க காலு எனக்கு என்ன புதுசா?"

பாதத்தைத் துடைத்தான், விரலிடுக்குகளில் நுழைத்து நுழைத்துத் துடைத்தான், மஞ்சள் படிந்த பெருவிரல் நகத்தையும் விடவில்லை. அவள் சால்வையிலிருந்து வந்த பச்சை ஓரம் அந்த நகத்தின்மேல் போய்ப் போய் வந்தது. மேலாளரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யோவ், உன் மாற்றல் ஆர்டர்ல முந்தாநாளே கையெழுத்து போட்டாச்சு. எழுந்திருய்யா!"

கணவன் அண்ணாந்து பார்த்தான். முகமெல்லாம் பல்.

"அப்போ அந்தக் காலையும் துடைச்சிடறேன் சார்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா, பலிச்சிடுச்சு!"

"முந்தாநாளே பலிச்சிடுச்சாமே."

"அதனால என்ன? துடைச்சது வீணாப் போகாது. அடுத்து பதவி உயர்வு வருதில்ல? அந்தம்மாவுக்கு ஒரு கைப்பை பின்னிடு."

அந்தத் தர்பூசணி, துவைத்துக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிவந்தது, அவள் பையில் ஈரமாக இருந்தது. வழியில் தென்பட்ட முதல் குப்பைத்தொட்டியில் அதைப் போட்டாள். சால்வை நூலும் அதோடு போயிற்று.

மாற்றலாகி வந்த அன்று இரவு மூன்று தட்டுகள் வைத்தாள். மகள் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலம் அவள் ஏங்கிய காட்சிதான். அவன் கறிப் பாத்திரத்தை நோக்கிக் கை நீட்டினான். ஆட்காட்டி விரல் முன்னே வந்தது. மேலாளரின் விரலிடுக்குகளில் நுழைந்த அதே விரல்.

பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க."

"இப்பத்தானே கழுவினேன்?"

"இன்னொரு தடவை கழுவுங்க. சோப்புப் போட்டு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனான். அவன் திரும்பி வருவதற்குள் அவன் தட்டில் எல்லாவற்றையும் தானே பரிமாறி வைத்தாள்; அவன் எந்தப் பாத்திரத்தையும் தொடவேண்டியிருக்கவில்லை.