குளவிக்கல்லுக்குக் கீழே ஒரு நிரை

கலகெதரப் பொது மண்டபத்தில் நடந்த கல்லுடைப்பு அனுமதி விசாரணையில் கம்பெனிக்காரர் கோப்பைத் திறந்து தூக்கிக் காட்டிய முதல் தாள் என் கையெழுத்தில் இருந்தது. போட்டோப்பிரதிதான். ஆனாலும் என் எழுத்து எனக்குத் தெரியாதா? கட்டுகஸ்தோட்டையில் ஒரு புத்தகக் கடையில் நிற்கிறவன் நான். தோட்டத்தில் யாருக்குக் கடிதம் தேவைப்பட்டாலும் ஞாயிற்றுக்கிழமை என்னைத்தான் தேடி வருவார்கள். அந்தத் தலைக்கனத்தில் எதையும் கொஞ்சம் சோடித்தே எழுதுவேன். "எமது உயிருக்கு உலை வைக்கும் மேற்படி பாறையை அடியோடு அகற்றித் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." குளவிக்கூட்டைக் கலைத்துத் தரும்படிதான் அக்கா எழுதச் சொன்னாள். பாறையை அகற்றச் சொன்னது முழுக்க என் கைவண்ணம். கீழே நாற்பத்தொரு கையெழுத்து. முதலாவது அக்காவுடையது: பாலம்மா.

அது இரண்டு வருடத்துக்கு முன்பு தோட்டத்துத் துரைக்குக் கொடுத்த கடிதம். துரையின் அலுமாரியிலிருந்து கல்லுடைக்கும் கம்பெனியின் கோப்புக்கு அது எப்படிப் போனது என்று யாரைக் கேட்பது? கேட்டால் மட்டும் சொல்லிவிடவா போகிறார்கள்.

அப்போதுதான் எங்கள் தங்கச்சி புஷ்பம் செத்துப்போயிருந்தாள். குளவிக்கல்லுக்குக் கீழே இருக்கும் தேயிலை நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். குளவி கிளம்பினால் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்கடியில் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது மலைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அன்று வெயில் என்று அவள் கம்பளியை வீட்டுக் காம்பராவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்கு லொறியில் கொண்டுபோனார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டதாம். பாலத்திலிருந்து என் கடை கூப்பிடு தூரம். அந்த நேரத்தில் நான் யாரோ ஒரு பிள்ளையின் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்த நிரையை யாரும் எடுப்பதில்லை. தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடக்கிறது.

ஆனால் குளவிக்கல் தனியாக நிற்கும் கல் இல்லை. அதன் முதுகிலிருந்துதான் காடு தொடங்குகிறது. காட்டுக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்தான் எங்கள் மூன்று லயத்து வீடுகளுக்கும் பொதுவான பீலியில் விழுகிறது. கிராம சேவகர் ஒட்டிய அறிவித்தலை வாசித்தபோதுதான் கம்பெனி கேட்பது கல்லை மட்டுமல்ல, ஊற்று வரைக்கும் பன்னிரண்டு ஏக்கர் காட்டையும் சேர்த்து என்று தெரிந்தது. பரிசோதனை என்று சொல்லி ஒரு துளைபோடும் மெஷினைக் கொண்டுவந்து வேலையும் தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா காலையில் ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்து அரைமணி நேரம் ஆடாமல் வைத்து, பிறகு கையை விட்டு அடியைத் தடவிப் பார்க்கிறாள். நான் போகும் ஞாயிறுகளில் விரலை நீட்டிக் காட்டுவாள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. போன வாரம் விரல் நுனியில் வெள்ளையாகக் கல்மாவு ஒட்டியிருந்தது.

மண்டபத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று லீவு. என்னை மொழிபெயர்க்கச் சொல்லி முன்னால் ஒரு கதிரையைப் போட்டார்கள். சிங்களத்தில் நான்கு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்தப் போட்டோப்பிரதியைப் பார்த்ததும் பேச்சும் போச்சு, தைரியமும் போச்சு.

கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். இது தோட்ட மக்களே கேட்டது, அவர்கள் கேட்டதைத்தான் நாங்கள் செய்துகொடுக்கப் போகிறோம் என்றார். பின்வரிசையில் பக்கத்துக் காம்பரா பாப்பம்மா எழுந்து நின்றாள்.

"கல்லு போனா நல்லதுதானுங்களே? நாளைக்கு இன்னொரு பொம்பளையக் குளவி கொட்டுனா யாரு பதில் சொல்றது?"

அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. புஷ்பத்தைத் தூக்கி லொறியில் ஏற்றியவர்களில் அவளும் ஒருத்தி.

விசாரணை நடத்திய அதிகாரி தாளை அக்காவின் பக்கம் திருப்பி, முதல் கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். எழுதியவன் தப்பாக எழுதிவிட்டான் என்று அக்கா சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னால் நிம்மதியாக இருக்கும் போலவும் இருந்தது.

"ஆமாங்க ஐயா, நாந்தான் வச்சேன்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. "தங்கச்சி செத்த வேகத்துல வச்சேன். இப்ப வேணாங்கிறேன். கல்லு போனா காடு போயிரும், காடு போனா தண்ணி போயிரும். குளவி இருந்துட்டுப் போகட்டுங்க."

நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்து, அந்தக் கடிதத்தில் பாறையை அகற்றச் சொல்லி எழுதியது நான்தான், அக்கா அப்படிச் சொல்லவில்லை என்று சேர்த்தேன். அதிகாரி கையை உயர்த்தினார். நீங்கள் மொழிபெயர்ப்பை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

பாப்பம்மா விடவில்லை. "இருக்கட்டும்னு சொல்லிப்புடலாம் பாலம்மாக்கா. அந்த நெரைய யாரு எடுக்கிறது? தண்ணிக்காக எங்கள சாகச் சொல்றியா?"

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒங்கள யாரு கூப்புட்டா? நான் எடுக்கிறேன். நாளையிலேருந்து அது என் நெர."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். அக்காவைப் பார்த்தேன். "சொல்லு தம்பி" என்றாள். அதிகாரி திரும்பவும் கேட்டார். சொன்னேன். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். என் வாயால் சொன்னது அவர் கோப்பில் ஏறிவிட்டது, இனி அழிக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

முடிவு ஒரு மாதத்துக்குள் தபாலில் வரும் என்றார்கள். அதுவரைக்கும் மெஷின் ஓடலாமாம்.

மறுநாள் காலை கடைக்குப் போக வேண்டும். வேண்டாம் அக்கா, துரையிடம் சொல்லி வேறு மலைக்குப் போ என்று கெஞ்சிப் பார்த்தேன். "சொன்ன வார்த்தைய மாத்துனா அந்தக் கம்பெனிக்காரன் சிரிக்க மாட்டானா?" என்றவள் கொடியிலிருந்த புஷ்பத்தின் கம்பளியை உதறினாள். இரண்டு வருடமாக யாரும் தொடாத கம்பளி. காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்தில் கங்காணி அவள் பெயரை எழுதத் தயங்கினார். அவளே விரலை வைத்து எந்த நிரை என்று காட்டினாள். பாப்பம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் குளவிக்கல் நேராகத் தெரியும். அதன் நெற்றியில் கூடுகள் கறுப்பாகத் தொங்கின. பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் வெள்ளைப் பெயிண்டால் போட்ட குறி. அதற்குக் கீழே, வளர்ந்து கிடந்த தேயிலைக்குள் மண்ணிறக் கம்பளி மட்டும் தெரிந்தது. எட்டு மணிக்கு மெஷின் சத்தம் தொடங்கியது. கண்டி பஸ் வந்தது. கண்டக்டர் இரண்டு தரம் தட்டிக் கூப்பிட்டான். நான் ஏறவில்லை. பஸ் போன பிறகு மெஷின் நின்றது. கம்பளியும் அசையாமல் நின்றது. குளவி இரைச்சலுக்கு அக்கா காது கொடுத்து நிற்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது. நானும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக வெளியே வந்து கொழுந்தை நோக்கி நீண்டது.